ரிஷிவந்தியத்துக்கு ரயில்

ரிஷிவந்தியத்துக்கு ரயில் கிடையாது. இதைக் கேட்டு யாரும் ரயில்வே இலாகாவின்மேல் கோபங் கொள்ள வேண்டாம். வடகிழக்கே போனால் திருக்கோவிலூர் ஸ்டேஷன் இருக்கிறது. தென்மேற்கே கள்ளக்குறிச்சியையும் தாண்டிப் போனால் சின்னசேலம் ஸ்டேஷன் இருக்கிறது. நடுவிலுள்ள பூமி முழுவதும் பஸ்களின் ராஜ்யம். ஆயினும், எட்டடி நீளமும் நாலடி அகலமும் உள்ள ஒரு பலகையும், ஒரு வருஷத்துக்குப் போதுமான பொறுமையும் இருந்தால், ரிஷிவந்தியத்துக்கு நாமே ரயில் விட்டுவிடலாம். சர்க்கார் உத்தரவு வேண்டியதில்லை. வீட்டிலுள்ளவர்களின் உத்தரவு இருந்தால் போதும்.

மாதிரி ரயில் அமைப்பது இன்று உலகெங்கும் பரவியிருக்கும் ஒரு பொழுதுபோக்கு. நிஜ ரயிலின் 87-ல் ஒரு பங்கு அளவுதான் மிகவும் செல்வாக்கான அளவு. இந்த அளவில் சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலையில் செய்யப்பட்ட 21 மீட்டர் நீளமுள்ள பிரயாணி வண்டி ஒரு சாண் நீளத்துக்குச் சற்று மேலே இருக்கும். எஞ்சினும் வண்டிகளும் கடையில் வாங்கக் கிடைக்கின்றன. விளக்கெரியும், ஊதும், சில எஞ்சின்கள் புகைகூட விடும். குறை சொல்ல இடமில்லை.

ஆனால் ரயில் எந்த ஊர் வழியாகப் போகிறது? அங்கேதான் சங்கடம். பெட்டியோடு கூட வருகிற காட்சிகளில் பனி மூடிய மலைகளும், ஊசியிலை மரங்களும், சிவப்புக் கூரை வீடுகளும் இருக்கும். நடுவே நீல மசியைக் கொட்டினாற்போல் ஒரு குட்டை. அதில் இரண்டு அன்னப் பறவைகள். நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு நம் குழந்தைகள் ஸ்விட்ஜர்லாந்துக்கு ரயில் விடுகிறார்கள்! ஸ்விட்ஜர்லாந்து அழகான தேசந்தான். அதன் மலைகளை அந்நாட்டார் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். நாமும் நம்முடைய பூமியை அவ்வாறு பார்த்ததுண்டா என்பதுதான் கேள்வி. எஞ்சினை விலை கொடுத்து வாங்கலாம். பூமியையும் தண்ணீரையும் கண்ணால் பார்த்துத்தான் சம்பாதிக்க வேண்டும்.

இந்தக் கலை நமக்குப் புதிதுமல்ல. நவராத்திரிக் கொலுவில் படிகளுக்குப் பக்கத்தில் "பார்க்" வைக்காத வீடு உண்டா? நாலைந்து நாள் முன்னதாகவே ஈர மண்ணில் கேழ்வரகும் கடுகும் வெந்தயமும் தெளித்து, பச்சைப் பசேலென்று வயலை முளைக்க வைப்பார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் கிடத்தி, ஓரத்தில் மணலைத் தூவினால் தெப்பக்குளம் ஆயிற்று. மண் குவியலில் ஒரு மலை; மலைமேல் ஒரு முருகன்; மலையைச் சுற்றி ஒரு பொம்மை ரயில். இவ்வளவையும் நம் பாட்டிமார்கள் எந்தப் புத்தகத்தையும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அவர்கள் விட்ட இடத்திலிருந்து நாம் தொடர்ந்தால் போதும்.

வாமனன் ஊரிலிருந்து

ரிஷிவந்தியத்தைப் பலகையில் அமைப்பதென்றால் முதலில் ரிஷிவந்தியத்தைப் பார்க்க வேண்டும். திருக்கோவிலூர் வழியாகப் போவது நல்லது. ஸ்டேஷன் தென்பெண்ணையாற்றின் வடகரையில், அரகண்டநல்லூரில் இருக்கிறது. ஆற்றைக் கடந்து திருக்கோவிலூருக்குள் நுழைந்தால் உலகளந்த பெருமாள் கோயில். குறளனாக வந்த வாமனன் வானளாவ வளர்ந்து நின்ற திருக்கோலம் அங்கே. நம்முடைய உத்தேசமோ அதற்கு நேர்மாறானது: வானளாவிய உலகத்தை 87-ல் ஒன்றாகக் குறுக்கி வாமனனாக்க வேண்டும். எனவே இங்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் புறப்படுவது உசிதம்.

பஸ் தென்மேற்கு நோக்கிச் செல்கிறது. இரு புறமும் பழைய தென் ஆற்காடு ஜில்லாவின் பூமி. 1993-ல் இது விழுப்புரம் மாவட்டமாயிற்று. 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டமாயிற்று. பெயர்தான் மாறியிருக்கிறதே தவிர மண் மாறவில்லை. ஓரிடத்தில் செம்மண்; சற்று தூரத்தில் கரிசல் கலந்த மண்; பிறகு சரளை. கிணற்றுப் பாய்ச்சல் உள்ள இடத்தில் கரும்பு. இல்லாத இடத்தில் புன்செய். பனை மரங்கள் ஒன்றிரண்டாகவும் வரிசையாகவும் நிற்கின்றன. வேலிக்காத்தான் முள் எங்கே பார்த்தாலும் மண்டியிருக்கிறது. ரிஷிவந்தியத்துக்குத் தெற்கே தியாகதுருகத்தில், கோட்டையைத் தாங்கிய பாறைக் குன்று எழும்பி நிற்கிறது. அதற்கும் மேற்கே போனால் கல்வராயன் மலைத் தொடர்.

ரிஷிகள் வந்து வணங்கிய தலமாதலால் ரிஷிவந்தியம் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். சுவாமி அர்த்தநாரீசுவரர், அம்பிகை முத்தாம்பிகை. இங்கே தேன் அபிஷேகம் விசேஷம். லிங்கத்தின்மேல் தேன் வழியும்போது, அம்மையும் அப்பனும் சேர்ந்த உருவம் அதில் தெரிவதாகப் பக்தர்கள் கண்டு பரவசமடைகிறார்கள். இந்தத் தேனைப் பற்றிப் பிற்பாடு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும்.

மலை சுவரில்தான்

இனி, கொஞ்சம் கணக்கு. கணக்கென்றால் பயப்பட வேண்டாம். எல்லாவற்றையும் 87-ஆல் வகுத்தால் தீர்ந்தது.

இருபது மீட்டர் உயரமுள்ள பனை மரம் பலகையின்மேல் 23 சென்டிமீட்டர். ஐந்தரை அடி மனிதர் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. எட்டடி நீளப் பலகை நிஜத்தில் 212 மீட்டர். நாலடி அகலம் 106 மீட்டர். அவ்வளவுதான்! ஓரளவு பெரிய ஏரியின் கரைகூட அந்த நீளத்துக்குள் அடங்காது. ஆகையால் ஊர் முழுவதையும் கொண்டுவர முடியாது. ஏரிக்கரையின் ஒரு மூலை, மதகு, அதன்கீழ் நாலு வயல், ஒரு பாலம், ஒரு சிறு ஸ்டேஷன் - இவ்வளவோடு திருப்தியடைய வேண்டும். நிறையத் திணித்த பலகை சந்தைக் கடை போல் இருக்கும். வெறும் பூமியும் வெளியும்தான் ரயிலுக்குத் தூரத்தைக் கொடுக்கின்றன.

மலையின் கதையோ இன்னும் வேடிக்கை. கல்வராயன் மலை பெரும்பாலும் 2,000 அடியிலிருந்து 3,000 அடி வரை உயரமுள்ளது. 3,000 அடியை 87-ஆல் வகுத்தால் 34 அடிக்கு மேல் வருகிறது. மூன்று மாடி வீட்டைத் துளைத்துக்கொண்டு போகும்! ஆகவே மலையைச் சுவரில்தான் எழுத வேண்டும். பலகைக்குப் பின்னால் ஓர் அட்டையை வளைத்து நிறுத்தி, அதில் மூன்று வரிசையாக மலையை எழுதினால் போதும். தூரத்து மலை ஏன் நீலமாகத் தெரிகிறது? இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிக்கிறது. தூரம் அதிகமாக ஆகக் காற்றின் நிறம் மலையின் நிறத்தை மூடிவிடுகிறது. எனவே கடைசி வரிசை வானத்தைவிட ஒரு சாயல்தான் அழுத்தமாயிருக்க வேண்டும். முன் வரிசையில் பச்சையும் சாம்பலும் கலக்கலாம். பலகையும் அட்டையும் சந்திக்கிற கோட்டை ஒரு புளியஞ்சாலையாலோ கரும்புத் தோட்டத்தாலோ மறைத்துவிட்டால், பார்ப்பவர் கண் தானாகவே பத்து மைல் தூரம் போய் வரும்.

பலகைமேலுள்ள சிறு குன்றுகளைத் தெர்மகோல் துண்டுகளை அடுக்கிச் செய்யலாம். அல்லது, கம்பி வலையின்மேல் பழைய பத்திரிகைத் தாளைப் பிளாஸ்டரில் தோய்த்துப் போர்த்தலாம். அதைவிட நல்லது நம் காகிதக் கூழ். விழுப்புரம், பண்ருட்டிப் பக்கத்துப் பொம்மைத் தொழிலாளர்கள் காகிதக் கூழிலே கொலுப் பொம்மை செய்வதில் பேர் பெற்றவர்கள். தியாகதுருகப் பாறைக்கு அதே கூழ் பொருத்தமான சரக்கு: இலேசு, வலிமை, உளி வைத்துச் செதுக்கவும் இடங் கொடுக்கும்.

மண் பொட்டலம்

மண்ணுக்கு நிகரான வர்ணம் மண்தான். பிரயாணத்தின்போதே நாலைந்து இடங்களில் ஒவ்வொரு பிடி மண் எடுத்துத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, இடத்தின் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்ததும் வெயிலில் நன்றாக உலர்த்தி, மாவுச் சல்லடையிலும், பிறகு மெல்லிய துணியிலும் சலித்தால் மூன்று தரம் கிடைக்கும். முரட்டுத் தூள் ஓடைக்கு, நடுத்தரம் தரிசுக்கு, முகப் பவுடர் போன்ற தூள் பாதைக்கு. சலித்த மண்ணில் ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்ப்பது அவசியம். அதில் ஒட்டும் இரும்புத் துகளை அப்புறப்படுத்தாவிட்டால், எஞ்சினுக்குள்ளிருக்கும் காந்தம் அதை இழுத்து வைத்துக்கொண்டு வேலைநிறுத்தம் செய்துவிடும்.

தச்சர்கள் உபயோகிக்கும் வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீர் விட்டு, பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் ஒரு சொட்டுச் சேர்த்துக் கலக்க வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் பசைத் துளி மண்ணின்மேல் முத்துப்போல் உருண்டு நிற்கும்; சேர்த்தால் மண்ணுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பசை உலர்ந்தபின் மண்ணின் நிறம் சிறிது கறுக்கும் என்பதால் ஒரு துண்டு அட்டையில் முன்கூட்டியே பரீட்சை செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

பனை மரத்துக்கு மெல்லிய குச்சியில் நூலைச் சுற்றி, சாம்பல் பூசி, விசிறி போல் வெட்டிய காகித மட்டைகளைச் செருகலாம். காய்ந்த கோரைக்குத் தேங்காய் நார். புதருக்குப் பீர்க்கங்கூடு. வேப்ப மரத்துக்கு முறுக்கிய கம்பியில் கிளை பிரித்து, நறுக்கிச் சாயமேற்றிய ஸ்பாஞ்சுத் தூள். இவை எல்லாவற்றிலும் ஒரே விதிதான்: பச்சையைக் குறைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் வாங்கும் பச்சை இங்கிலாந்தின் பச்சை. நம் பங்குனி மாதத்துக் காட்டில் பச்சைக்கு வேலை மிகச் சொற்பம்.

ஒரு பக்கந்தான் கரை

ஊர்ப்புறத்து ஏரி ஒன்றின் கரையில் உட்கார்ந்து நாம் மண் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது, ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்றார்.

"என்னங்கய்யா, மண்ணைப் பொட்டலம் கட்டுறீங்க? பரிசோதனைக்கு அனுப்பவா?"

"இல்லை, பெரியவரே. பலகையிலே சின்னதாக ஓர் ஏரி செய்யப் போகிறோம். பக்கத்திலே ரயில் ஓடும்."

பெரியவர் சிரிக்கவில்லை. நிஜமான ஏரியைப் பற்றியே பேசுவதுபோல் யோசித்தார்.

"ஏரி செஞ்சா கலிங்கை விட்டுடாதீங்க. அதும் கரையைவிடத் தாழத்தான் இருக்கணும். கலிங்கு ஒசந்தா கரை ஒடையும். தண்ணி வர்ற வாய்க்காலையும் வெச்சுடுங்க. அதை மூடிட்டா, ஏரி இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

இவ்வளவு சொல்லிவிட்டு ஆட்டின் பின்னால் போய்விட்டார். மேனாட்டு மாதிரி ரயில் புத்தகங்களில் குளத்தைப் பற்றி எத்தனையோ அத்தியாயங்கள் உண்டு. இந்த வாக்கியங்கள் அவற்றில் இல்லை.

ஏன் இல்லை? அவர்கள் குளம் வேறு. நம் ஏரி வேறு. அவர்களுடைய குளத்துக்கு நாலு பக்கமும் ஒரே மாதிரி விளிம்பு இருக்கும். நம் ஏரியோ சரிவான பூமியில், தாழ்ந்த பக்கத்தில் மட்டும் பிறை வடிவமாகக் கரை போட்டுத் தண்ணீரை மறித்தது. கரை ஓங்கி நிற்கும். அதன் உட்புறத்தில் அலை அரிக்காமலிருக்கக் கல் பாவியிருக்கும். கரைமேல் பனையும், ஓரிடத்தில் ஐயனாரும். எதிர்ப் பக்கத்திலே கரையே கிடையாது. தண்ணீர் எங்கே முடிகிறது, பூமி எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாதபடி மெல்ல மெல்ல ஈரம் சேறாகி, சேறு வெடிப்பாகி, வெடிப்பு புல்லாகி, புல் புன்செயாகும். தண்ணீருக்குள்ளேயே கருவேல மரங்கள் முழங்காலளவு நின்றுகொண்டிருக்கும். கரைக்கு வெளிப்புறம் மதகின்கீழ் நெல் வயல். உட்புறம் செம்மண் காடு. ஒரே கரை, இரண்டு உலகம்! இதைப் பலகையில் கொண்டுவந்துவிட்டால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுமுன்பே அது தமிழ்நாட்டு ஏரியாகிவிடும். தமிழ்நாட்டிலுள்ள சுமார் 39,000 ஏரிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் ஜாதகம்.

தண்ணீருக்கு நிறம் உண்டா?

இப்போது தண்ணீர். "நிஜத் தண்ணீரையே ஊற்றிவிட்டால் என்ன?" என்று குழந்தைகள் கேட்பார்கள். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் 2001-ல் திறந்த "மினியட்டூர் வுண்டர்லாண்ட்" என்னும் மாபெரும் மாதிரி ரயில் காட்சியில், ஸ்காண்டிநேவியப் பகுதியில் சுமார் 30,000 லிட்டர் நிஜத் தண்ணீர் நிரப்பிக் கப்பல் விடுகிறார்கள். கடல் ஏறி இறங்குவதையுங்கூடக் காட்டுகிறார்கள். அது சமுத்திரம், அவ்வளவு பெரிய இடத்தில் தகும். நம் பலகையில் தகாது. மற்ற எல்லாவற்றையும் 87-ஆல் வகுத்துவிடலாம். தண்ணீரை மாத்திரம் வகுக்க முடியாது. கரையில் ஒட்டிக்கொண்டு நிற்கும் நாலு மில்லிமீட்டர்த் துளி நம் உலகத்தில் 35 சென்டிமீட்டர் பருமனுள்ளது - பூசணிக்காய் அளவு! தவிர, தூசி படியும், பாசி பிடிக்கும், கொசு முட்டையிடும், மின்சாரத்துக்கும் ஈரத்துக்கும் ஜன்மப் பகை.

ஆகவே தண்ணீரைச் செய்ய வேண்டும். அதற்கு என்ன நிறம்? நீலம் என்று சொன்னீர்களானால் ஏரியைப் பார்க்கவில்லை என்றுதான் பொருள். கரையோரத்தில் நின்று தூரத்துத் தண்ணீரைச் சாய்வாக நோக்கினால், அது வானத்தைப் பிரதிபலிக்கிறது, நீலமாகத் தெரிகிறது. காலடியில் நேராகக் குனிந்து பார்த்தால், மேற்பரப்பு வெளிச்சத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் திருப்பியனுப்புகிறது. மீதி உள்ளே போய்விடுகிறது. அப்போது தெரிவது அடியிலுள்ள சேறும், கலங்கலும், பாசியுந்தான். பலகையைப் பார்ப்பவர் எங்கிருந்து பார்க்கிறார்? ஏரிக்கு மேலே அரை மீட்டர் உயரத்தில் கண் இருந்தால், அது நிஜத்தில் 43 மீட்டர். ஒரு கோபுர உச்சியிலிருந்து நேர்கீழே நோக்குவதற்குச் சமானம். அவர் பார்க்கப் போவது வானமல்ல, ஏரியின் அடி. எனவே அடியைத்தான் எழுத வேண்டும்.

அதற்கு முன் மாதத்தைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஐப்பசியில் முதல் வெள்ளம் வந்த ஏரி காவித் துணி அலசிய தண்ணீர் போலிருக்கும். கார்த்திகையில் நிரம்பிக் கலிங்கு வழியும். தை மாதத்தில் மண் படிந்து, பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். மதகின்கீழ் நெல் பழுத்திருக்கும். சித்திரையில் நடுவே ஒரு பாசிக் குட்டை. சுற்றிலும் பாளம் பாளமாக வெடித்த தரை. நெல்லை ஆடி மாதமாகவும் ஏரியைக் கார்த்திகை மாதமாகவும் செய்துவிட்டால், விவசாயம் தெரிந்தவர் யாரும் அந்த ரயிலில் ஏறமாட்டார்!

தை மாதம் என்று வைத்துக்கொள்வோம். பலகையில் ஏரியின் பள்ளம் விரற்கடை ஆழம் இருந்தால் ஜாஸ்தி. கரையோரத்தில் மண்ணின் நிறம். உள்ளே போகப் போகப் பழுப்புப் பச்சை. பழைய ஓடை ஓடிய நடுப்பாகத்தில் கருமை. ஆழத்தை இவ்வாறு வர்ணத்தாலேயே உண்டாக்க வேண்டும். இந்த வேலை முடிந்த பின்தான் மேலே பளபளப்பு.

தேனும் ரெசினும்

பளபளப்புக்கு மூன்று வழிகள் உள்ளன. சிக்கனமானது வார்னிஷ். தெளிந்த வார்னிஷை மெல்லிய பூச்சாக ஏழெட்டு முறை, ஒவ்வொன்றும் நன்றாக உலர்ந்தபின் பூசினால், ஆழமில்லாத தண்ணீருக்குப் போதும். இரண்டாவது வழி, எழுதிய அடிக்கு மேலே மெல்லிய கண்ணாடித் தகட்டை வைத்து, ஓரங்களை மண்ணால் மூடுவது. கொலுக் கண்ணாடியின் தம்பி இது. ஆனால் பின்புறம் ரசம் பூசாததால் அடி தெரியும்.

மூன்றாவது, எபாக்ஸி ரெசின். இரண்டு திரவங்களைச் சொல்லப்பட்ட விகிதம் தவறாமல் கலந்து ஊற்றினால், ஒரு நாளில் பளிங்குபோல் இறுகும். இதற்குச் சில நியமங்கள் உண்டு. பலகை அணுவளவும் சாயாமல் மட்டமாயிருக்க வேண்டும். தண்ணீர் பொய் சொன்னாலும் மட்டம் பொய் சொல்லாது. பள்ளத்தின் அடியையும் ஓரத்தையும் முன்பே பசையடித்து அடைக்க வேண்டும். ஊசிமுனைத் துவாரம் இருந்தாலும் ஏரி உடைந்து தரைக்கு வந்துவிடும். மொத்தமாக ஊற்றினால் சூடேறி வெடிக்கும்; ஆகையால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வீதம் அடுக்கடுக்காக ஊற்ற வேண்டும். குமிழ்கள் மேலே வந்து உடையுமட்டும் பார்த்திருந்து, பிறகு தூசி விழாமல் மூடி வைக்க வேண்டும். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், கையுறை அவசியம், இது பெரியவர்களின் வேலை, குழந்தைகள் தூர நின்று பார்க்கலாம். இறுகியபின், ஒளிமிக்க அக்ரிலிக் ஜெல்லைத் தூரிகையால் மெல்லத் தட்டித் தட்டி அலை எழுப்பலாம். அலை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால் ஏரி வங்காளக் குடாவாகிவிடும். கல்வராயன் மலையின் மேகம் அருவிபோல் ஒன்று வேண்டுமானால், அதே ஜெல்லைப் பிளாஸ்டிக் தாளின்மேல் இழை இழையாக இழுத்து, உலர்ந்தபின் உரித்துப் பாறையில் தொங்கவிட வேண்டும்.

ரிஷிவந்தியத்துத் தேனை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை. தெளிந்த, கெட்டியான திரவம் கல்லின்மேல் வழியும்போது, கல் மறைவதில்லை. அதுவரை கண்ணுக்குப் படாமலிருந்த நிறமும் மேடு பள்ளமும் அப்போதுதான் துலங்குகின்றன. அபிஷேகத்தில் பக்தர் காண்பது பக்திக்குரிய விஷயம். அதில் நாம் தலையிடவில்லை. தொழில் முறையில் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்று: தண்ணீர் மூடுவதற்காக அல்ல, காட்டுவதற்காக. அடியில் ஒன்றும் எழுதாமல் மேலே எத்தனை ரெசின் ஊற்றினாலும் அது ரெசின்தான்.

நீண்ட பாலம், சிறிய ஆறு

ரயில் என்றால் பாலம் வேண்டும். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி, மணிமுத்தா நதிகளில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். கடையில் விற்கும் மேனாட்டுப் பாலத்தின்கீழ் ஆறு கரைக்குக் கரை நிரம்பிப் போகும். நம் ஆறு அப்படியா? தென்பெண்ணைப் பாலத்தின் நடுவில் நின்று பார்த்தால், ஒரு புறமிருந்து மறுபுறம் வரை மணல், மணலில் நாணல், எங்கேயோ ஒரு மூலையில் வெள்ளிச் சரிகைபோல் தண்ணீர். "இந்தச் சிற்றோடைக்கா இவ்வளவு நீளப் பாலம்?" என்று புதிதாய் வந்தவர் கேட்பார்.

ஆம், இந்தச் சிற்றோடைக்குத்தான். வருஷத்தில் பத்து மாதம் ஓடையாயிருப்பது ஒரே இரவில் என்ன ஆகும் என்பதற்கு அரியலூர் சாட்சி. 1956-ம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி விடியுமுன், அடை மழையில் மருதையாறு பெருகி ரயில் பாலத்தைத் தகர்த்தது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். ரயில்வே மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி, பொறுப்பைத் தம் தலையில் ஏற்று ராஜிநாமாச் செய்தார்.

எனவே பலகையில் பாலத்தை நீளமாகவும் ஆற்றை மெலிவாகவும் செய்ய வேண்டும். தூண்களில் பழைய வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு ஒரு மங்கிய கோடு இழுங்கள். ரயில் போகும் மண்மேடு, ஏரிக்கு வரும் வாய்க்காலைக் குறுக்கே அடைத்துவிடாமல் அடியில் ஒரு சிறு மதகு வையுங்கள். வெறும் அலங்காரந்தானே என்று தோன்றலாம். ஆனால் தன் கையால் அந்தச் சிறு மதகை வைத்த பையன், நாளைக்கு நிஜமான சாலையோ வீட்டு மனையோ போடும்போது வாய்க்காலை மறக்கமாட்டான். ஆட்டிடையப் பெரியவர் சொன்னது அதுதான்.

இருப்பதைப் பதிந்து வைத்தல்

இங்கிலாந்தில் ராய் இங்கிலாந்து என்றே பெயர் கொண்ட ஒருவர் இருந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-ல் அங்கே வந்தவர். ரயில் மாதிரி செய்யப் போனவருக்கு, சுற்றியிருந்த கிராமங்களின் பழைய ஓலைக் கூரைகளும் தோட்டங்களும் தம் கண்ணெதிரே மாறிப் போவது தெரிந்தது. மறைவதற்கு முன் அவற்றை அளந்து மாதிரியாகச் செய்துவிட வேண்டுமென்று வாழ்நாள் முழுவதையும் அதற்கே கொடுத்தார். ஆக்ஸ்போர்டு ஜில்லாவில் லாங் விட்டன்ஹாம் என்னும் சிற்றூரில் 1954-ல் அவர் ஸ்தாபித்த பெண்டன் காட்சிசாலையில், 1920-30-களின் நாட்டுப்புறம் பூண்டு செடிகளோடு உறைந்து நிற்கிறது. நம் தேசத்திலும் புனேயில் பாவ் ஜோஷி என்பவர் பல்லாண்டுகள் உழைத்த மாதிரி ரயில் காட்சி 1998-ல் பொதுஜனங்களுக்குத் திறக்கப்பட்டது. கலை நமக்கு எட்டாததல்ல.

நம் ஏரிகளும் மாறிக்கொண்டுதானிருக்கின்றன. சில மேடிட்டுப் போயின. சில முள் மண்டிப் போயின. சிலவற்றின் வாய்க்கால் எங்கேயிருந்தது என்பது வயோதிகர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, கரை எது, கலிங்கு எது, மதகு எது என்று ஒரு பலகைமேல் சரியாக வைத்துவிட்டால், அது விளையாட்டு மட்டுமல்ல, ஊரின் தஸ்தாவேஜு. ஒரு ஜில்லாவுக்கு நாலு பள்ளிக்கூடங்களாவது இதைச் செய்யலாம். செலவு அதிகமில்லை, பாதிச் சரக்கு காலடியில் கிடக்கிறது.

எல்லாம் முடிந்த பிறகு ஸ்டேஷன் பலகையை நட வேண்டும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. தமிழ், ஹிந்தி, ஆங்கிலம் மூன்றிலும் ஊர்ப் பெயர். அடியில் கடல் மட்டத்திலிருந்து உயரம். இதைக் கடைசியில் நட வேண்டுமென்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பலகை நடுமுன், அந்தப் பக்கத்து மனிதர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். பிறை வடிவக் கரையையும், தண்ணீரில் நிற்கும் கருவேல மரங்களையும், மெலிந்த ஆற்றின்மேல் நீண்ட பாலத்தையும் பார்த்துவிட்டு, "அட, இது நம்ம பக்கத்து ஏரியில்லே?" என்று அவர் கேட்டால், தாராளமாக எழுதுங்கள், "ரிஷிவந்தியம்" என்று. அதன் பிறகு கொடியசைத்து ரயிலை விடலாம்.